பழைய லேத்துக்குக் கியர் தேடிக் கிளம்புமுன் வேர்னியரை எடுங்கள்

கேள்வி இது: ஹட்டன் பக்கத்தில் ஒரு சிறிய வேர்க்‌ஷொப். மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஏலத்தில் எடுத்த பழைய ஆங்கில லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்), பெயர்த்தகடு இல்லை. லீட் ஸ்குரூ (புரி வெட்டும்போது டூலை நகர்த்தும் நீண்ட திருகுத் தண்டு) அங்குலத்துக்கு 8 புரி. செஞ்ச் கியர்களில் (வெட்டும் புரிக்கு ஏற்ப மாற்றி மாட்டுபவை) 45 பல் சக்கரத்தில் இரண்டு பல் உடைந்துவிட்டது. டம்ளர் கியர் (லீட் ஸ்குரூ சுழலும் திசையை மாற்றுபவை) இரண்டும் கத்தி முனை போலத் தேய்ந்திருக்கின்றன. மில்லிமீட்டர் புரி வெட்டும் சக்கரம் எதுவும் கூட வரவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு தரம் தேடியும் பொருந்துவது கிடைக்கவில்லை. எங்கே வாங்குவது?

எங்கே என்பதற்கு முன்னால் என்ன என்பதை முடித்துக்கொள்வோம். "இந்த அளவில் ஒன்று கொடுங்கள்" என்று உடைந்த கியரைக் கடைக்காரரின் மேசையில் வைத்தால், அவர் கண்ணுக்கு ஒத்துப்போவதைத்தான் எடுத்துத் தருவார். கியரில் கண்ணை நம்பவே முடியாது. இரண்டு பயணம் வீணானதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

உங்கள் லேத் அங்குலக் கணக்கில் செய்தது. அதன் பல் அளவு டீ.பீ. என்ற முறையில் வரும்: ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்பது. இன்று கடையில் கிடைப்பதும், இந்தியாவிலும் சீனாவிலும் இருந்து வருவதும் பெரும்பாலும் மொடியூல் முறை: ஒரு பல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் விட்டம் என்பது. 20 டீ.பீ. என்பது மொடியூல் 1.27க்குச் சமம். கடையில் இருப்பது மொடியூல் 1.25. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கடித்துக்கூட ஓடும். ஆனால் ஒவ்வொரு பல்லுக்கும் 0.06 மி.மீ. தவறும். சத்தம் போடும், சூடேறும், கடைசியில் நல்ல கியரையும் தின்றுவிடும்.

அளப்பது இப்படி. கியரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பல்லடி வரை தேய்த்துக் கழுவுங்கள். பழைய எண்ணெயும் இரும்புத்தூளும் சேர்ந்து பல்லடியில் கல் போல இறுகியிருக்கும். அதை எடுக்காமல் அளந்தால் எல்லாமே பிழைக்கும். சோக்கால் ஒரு பல்லில் அடையாளம் வைத்து எண்ணுங்கள், உடைந்த அடிக்கட்டைகளையும் சேர்த்து. இரண்டு தரம் எண்ணினால் நல்லது.

அடுத்தது வெளி விட்டம். பல் எண்ணிக்கையோடு 2ஐக் கூட்டி, அங்குலத்தில் அளந்த வெளி விட்டத்தால் வகுத்தால் டீ.பீ. வரும். 45 பல் சக்கரம் 20 டீ.பீ. என்றால் வெளி விட்டம் 47ஐ 20ஆல் வகுத்தது, அதாவது 2.35 அங்குலம், 59.69 மி.மீ. அதுவே மொடியூல் 1.25 என்றால் 58.75 மி.மீ. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். சாதாரண வேர்னியரே (தாடைகளால் பிடித்து அளக்கும் கருவி) காட்டிக்கொடுக்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 45 ஒற்றைப்படை எண். ஒரு பல்லுக்கு நேர் எதிரே பல் இருக்காது, பள்ளம் இருக்கும். வேர்னியரின் ஒரு தாடை ஒரு பல்லிலும் மற்றது இரண்டு பல்லிலும் உட்காருவதால் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். 45 பல்லில் அது 0.07 மி.மீ.தான், பரவாயில்லை. சிறிய டம்ளர் கியரில் கூடும்: 20 டீ.பீ.யில் 21 பல் என்றால் 29.21க்குப் பதில் 29.05 காட்டும். அப்படிப்பட்ட கியரில் துவாரத்தின் விளிம்பிலிருந்து பல் நுனி வரை அளந்து, அதோடு துவாரத்தின் பாதி விட்டத்தைக் கூட்டி, வருவதை இரட்டிப்பாக்குங்கள்.

விட்டம் சரியாக வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்னொன்று இருக்கிறது: அழுத்தக் கோணம். பல்லின் விலா எவ்வளவு சரிவு என்பது. பழைய ஆங்கில, அமெரிக்க லேத்துகளில் மிகப் பெரும்பாலும் பதினாலரை பாகை. இன்றைய கியர்கள் 20 பாகை. பதினாலரையின் பல் நேராக, ஒல்லியான இடுப்போடு இருக்கும். இருபதின் பல் அடியில் பருத்து நுனியில் கூராகும். தேய்ந்த பல்லைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. வேர்னியரால் சொல்லலாம்.

தேயாத இடமாகப் பார்த்து, மூன்று பல்லைச் சேர்த்து வேர்னியரின் தாடைக்குள் பிடியுங்கள். தாடைகள் பல்லின் நுனியில் அல்ல, விலாவின் நடுப்பகுதியில் தொட வேண்டும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் ஐந்து பல்லைச் சேர்த்துப் பிடித்து அந்த எண்ணையும் குறியுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். 7.73 மி.மீ. வந்தால் 20 டீ.பீ., பதினாலரை பாகை. 7.50 வந்தால் 20 டீ.பீ., 20 பாகை. 7.38 வந்தால் யாரோ முன்னரே மொடியூல் 1.25 கியர் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார்கள். கழித்து எடுப்பதால் பல் சீராகத் தேய்ந்திருந்தாலும் விடை மாறாது. இந்த முறையின் அழகே அதுதான். சக்கரத்தில் நான்கைந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். வேறு டீ.பீ. என்றால் கணக்கு இது: 159.6ஐ டீ.பீ.யால் வகுத்து, பதினாலரைக்கு 0.968ஆலும் இருபதுக்கு 0.940ஆலும் பெருக்குங்கள்.

இந்த அளவுகள் லேத்தின் குலத்தையும் ஓரளவு சொல்லிவிடும். 20 டீ.பீ., பதினாலரை பாகை, சக்கரத்தின் தடிப்பு 3/8 அங்குலம், துவாரம் 5/8 அங்குலம் (நம்ம ஆட்கள் சொல்கிற ஐந்து நூல்), லீட் ஸ்குரூ 8 புரி, சென்டர் உயரம் மூன்றரை அங்குலம் என்று எல்லாம் சேர்ந்து வந்தால் மைஃபோர்ட் எம்.எல்.7 ஆக இருக்க நிறைய வாய்ப்பு. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பக்கத்தில் பீஸ்டனில் செய்தது, 1946இல் வந்த மொடல். அந்தத் தொழிற்சாலை 2011இல் மூடினாலும் உதிரிப்பாகங்களை இங்கிலாந்தில் இன்னும் விற்கிறார்கள். செஞ்ச் கியர் தனித்தனியாகவே வாங்கலாம். 18 டீ.பீ., பதினாலரை என்றால் சவுத் பெண்ட் 9 அங்குல வகையைப் பாருங்கள். 16 டீ.பீ. என்றால் அட்லஸ் 10 அங்குலம். பெயர்த்தகடு போனதில் வியப்பில்லை. தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசிடம் போய், 1992இல் கம்பனிகளின் கைக்கு வந்தன. இத்தனை கை மாறியதில் இயந்திரம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும், அதன் கையேடும் கியர்ப் பெட்டியும்தான் வழியில் போயிருக்கும்.

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ஒரு விஷயம். உங்கள் லேத்தில் இரண்டு வகைக் கியர் இருக்கிறது. பேஞ்சோவில் (கியர்களைத் தாங்கும், நகர்த்தக்கூடிய கை) மாட்டுகிற செஞ்ச் கியர்களுக்கு நடுத்தூரம், அதாவது கடிக்கிற இரண்டு கியரின் நடுவுக்கும் நடுவுக்கும் உள்ள தூரம், அசையும். நட்டைத் தளர்த்தி நகர்த்தலாம். ஸ்பிண்டில் (முக்கியச் சுழல் தண்டு) கியர், டம்ளர், பேக் கியர் (வேகத்தைக் குறைப்பது) ஆகியவற்றுக்கு நடுத்தூரம் வார்ப்பிலேயே முடிந்துபோனது. அசையாத இடத்தில் பழைய அளவை விட்டு ஒரு மயிரிழைகூட விலக முடியாது. 25 பல்லுக் கியர் இரண்டு 20 டீ.பீ.யில் கடிக்கும்போது நடுத்தூரம் 31.75 மி.மீ. மொடியூல் 1.25இல் அது 31.25. அரை மில்லிமீட்டர் விலகி நின்று, பல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும். உங்கள் டம்ளர்கள் கத்தி முனையானதற்கும் இதுபோன்ற ஒன்றே காரணமாக இருக்கலாம்: பெரும்பாலும் முதலில் தேய்வது பல் அல்ல, டம்ளரின் பின் (கியர் சுழலும் சிறு தண்டு), அதன் புஷ் (தண்டைச் சுற்றிய உறை) ஆகியவைதான். பின் ஆடினால் கியர் விலகிப்போய் நுனியில் கடிக்கும். ஆகவே டம்ளர் கியரைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பின்னைப் புதிதாகக் கடைந்து, பொஸ்பர் வெண்கல புஷ் போட்டபிறகுதான் புதிய டம்ளர் கியரைப் பற்றி யோசிக்க வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் இதே கதிதான்.

அசைகிற இடத்தில் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. டம்ளருக்குக் கீழே வரும் தண்டில் உள்பக்கக் கியர் பழைய டீ.பீ.யிலேயே இருக்கட்டும். அதே தண்டில் வெளியே மாட்டுகிற கியரிலிருந்து லீட் ஸ்குரூ கியர் வரை முழுத் தொகுதியையும் வேறு முறைக்கு மாற்றலாம். ஒன்றோடொன்று கடிக்கிறவை எல்லாம் ஒரே முறையில், ஒரே கோணத்தில் இருந்தால் போதும். சிறிய சீன லேத்துகளுக்கான மொடியூல் 1, 20 பாகை இரும்புக் கியர் செட் இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. உங்கள் அளவு லேத்துக்கு அது தாங்கும். ஆனால் அவற்றின் துவாரம் 12 மி.மீ.; 20 பல் சக்கரத்தின் பல்லடி விட்டமே 17.5 மி.மீ.தான். அதை 5/8 அங்குலத்துக்குப் பெருப்பித்தால் பல்லுக்கடியில் ஒரு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. ஆகவே கியரைக் கடையாமல், தண்டுகளை 12 மி.மீ.க்கு மாற்றுங்கள். ஒரே ஒரு கியர் உடைந்ததற்காக இவ்வளவு தூரம் போவது தேவையில்லை. பாதிக்குமேல் கியர் இல்லாதவர்களுக்குத்தான் இந்த வழி.

தேட வேண்டிய இடங்களுக்கு வருவோம். பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகச் சந்தை. வாகனக் கியர் பெரும்பாலும் சாய்ந்த பல், கடினப்படுத்தியது, மொடியூல் அளவு. அங்கே உங்களுடையது கிடைக்காததில் ஆச்சரியமில்லை. முதலில் உங்கள் சுற்றுவட்டத்தையே தேடுங்கள். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை பக்கங்களில் பழைய தொழிற்சாலை வேர்க்‌ஷொப்புகள் எத்தனையோ. லேத் போயிருந்தாலும் செஞ்ச் கியர் சுவரில் ஆணியில் கோர்த்துத் தொங்கும், அல்லது பழைய மரப்பெட்டியில் நட்டுகளோடு கிடக்கும். தொழிற்சாலை அதிகாரியிடம் "லேத் இருக்கா" என்று கேட்காமல், "லேத்தோட பல்சக்கரம் ஏதும் மிஞ்சிக் கிடக்கா" என்று கேளுங்கள். பழைய இரும்புக் கடைகளிலும் அப்படியே. வார்ப்பிரும்பைத் தனிக் குவியலாகப் போடுவார்கள், அதில் பாருங்கள். கையில் உங்கள் நல்ல கியர் ஒன்றைக் கொண்டுபோய், கிடைத்ததோடு கடிக்கவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சரியான ஜோடி என்றால் உருட்டும்போது இடைவெளி ஒரே சீராக இருக்கும். கோணம் மாறியது என்றால் ஒவ்வொரு பல்லிலும் துள்ளும்.

கிடைக்காவிட்டால் வெட்டுவிப்பது. கண்டியிலோ கொழும்பிலோ கியர் வெட்டுகிற இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "20 டீ.பீ., பதினாலரை பாகை கட்டர் இருக்கா?" "ஒன்றேகால் மொடியூல் பக்கத்திலதான் வரும், ஓடும்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கட்டரை நீங்களே வாங்கிக் கொடுத்து வெட்டச் சொல்வது பல நேரம் லாபம். நீலகிரி, கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிற குடும்பங்கள் மலையகத்தில் நிறைய. அங்கிருந்து வருகிறவர் கையில் ஒரு கட்டர் வருவது பெரிய காரியம் இல்லை. வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். ஒரு அளவுக்கு எட்டுக் கட்டர், பல் எண்ணிக்கைக்கு ஏற்ப. டீ.பீ. கட்டரில் 35 முதல் 54 பல் வரை 3ஆம் இலக்கம். மொடியூல் கட்டரில் இலக்கம் தலைகீழாகப் போகும். அதே 35 முதல் 54க்கு 6ஆம் இலக்கம். இந்த ஒரு குழப்பத்தில் தவறான கட்டர் வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்பவும் முடியாது.

45 பல்லுக்கு மில்லிங் மெஷின்காரரிடம் கொடுக்க வேண்டிய தாள் இப்படி இருக்கட்டும்: பல் 45, 20 டீ.பீ., பதினாலரை பாகை, வெளி விட்டம் 59.69 மி.மீ. (கூடக்கூடாது, 0.05 வரை குறையலாம்), வெட்டு ஆழம் 2.74 மி.மீ., தடிப்பு 9.5 மி.மீ., துவாரம் 15.875 மி.மீ., சாவிக்காடி பழையதன்படி. 40க்கு 1 டிவைடிங் ஹெட் (வட்டத்தைச் சம பங்காகப் பிரிக்கும் கருவி; கைபிடி 40 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று) என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் 27 துளை வட்டத்தில் 24 துளை. துவாரத்தில்தான் அதிகம் பிழைக்கிறது. 5/8 ரீமர் (துவாரத்தைச் சரியளவுக்குத் தீட்டும் கருவி) இல்லை என்று 16 மி.மீ. ரீமரை விட்டுவிடுவார்கள். 0.125 மி.மீ. ஆட்டம் வந்துவிடும், சக்கரம் முட்டை போலச் சுழன்று, ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் கலகலக்கும். துவாரத்தை உங்கள் தண்டுக்கு ஏற்ப போரிங் டூலால் கடையச் சொல்லுங்கள். வெளிப்பக்கத்தை அதே துவாரத்தில் மேண்ட்ரல் (செருகிப் பிடிக்கும் தண்டு) போட்டுக் கடைய வேண்டும், தனியாகப் பிடித்துக் கடையக் கூடாது.

என்ன இரும்பு? செஞ்ச் கியருக்கு வார்ப்பிரும்புதான் என் தெரிவு, கிடைக்காவிட்டால் இ.என்.8 என்ற நடுத்தரக் கார்பன் உருக்கு. கடினப்படுத்தவே வேண்டாம். டூல் தோளில் போய் முட்டுகிற நாளில் ஏதாவது ஒன்று உடைந்தே ஆக வேண்டும். அது செஞ்ச் கியராக இருந்தால் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். கியர் உடைய மறுத்தால் அரை நட்டோ (லீட் ஸ்குரூவைக் கவ்வும் பிளவு நட்டு) லீட் ஸ்குரூவோ போகும், அதற்கு உதிரி தேடுவது இதைவிடப் பத்து மடங்கு வேலை. நைலோன் கட்டையில் வெட்டினாலும் செஞ்ச் கியர் நன்றாகவே ஓடும், சத்தமும் குறையும். முப்பரிமாண அச்சில் செய்ததை ஒத்திகைக்கு வையுங்கள்: இரும்பில் வெட்டுமுன் பல் எண்ணிக்கை, கோணம், பேஞ்சோவில் இடம் எல்லாம் சரியா என்று பார்க்க அதைவிட மலிவான வழி கிடையாது. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகும் என்பதால் நீண்ட நேரம் ஓட்ட உதவாது.

உங்கள் 45ஐ உடனே ஓட்ட வேண்டுமென்றால் ஒட்டுப் போடவும் முடியும். உடைந்த இரண்டு பல்லின் இடத்தை அடியோடு பைல் போட்டுச் சமப்படுத்தி, சக்கரம் முழுவதையும் சூடாக்கி, வெண்கலத்தால் பிரேசிங் செய்து பல் உயரத்துக்குமேல் நிரப்புங்கள். உடனே தண்ணீரில் போடாதீர்கள். உலர்ந்த சாம்பலில் புதைத்து இரவு முழுக்க ஆறவிடுங்கள். மலைக் குளிரில் திறந்த மேசையில் வைத்தாலே வார்ப்பிரும்பு "டிக்" என்று கீறிவிடும். பிறகு நல்ல பல் மூன்றின் இடைவெளிக்குத் தகரத்தில் அச்சு வெட்டி, அதைப் பார்த்துப் பைலால் பல்லை எடுக்க வேண்டும். செஞ்ச் கியருக்கு இது பல காலம் தாங்கும். பேக் கியருக்கு வெறும் பிரேசிங் போதாது. பல் இருந்த இடத்தில் பல்லின் தடிப்புக்குள் அடங்கும் சிறிய ஸ்டட் சிலவற்றை வரிசையாகத் திருகி, அதன்மேல் நிரப்புங்கள்.

மில்லிமீட்டர் புரிக்கு வருவோம். எல்லோரும் 127 பல் சக்கரம் வேண்டும் என்பார்கள். கணக்குப்படி அது முழுச் சரி: 8 புரி லீட் ஸ்குரூவில் 1.5 மி.மீ. புரிக்கு 60க்கு 127, 1 மி.மீ.க்கு 40க்கு 127. ஆனால் 20 டீ.பீ.யில் அதன் வெளி விட்டம் கிட்டத்தட்ட 164 மி.மீ.; பல லேத்துகளில் மூடிக்குள் அடங்காது. 127 பகா எண் என்பதால் சாதாரண டிவைடிங் ஹெட்டில் வெட்டவும் முடியாது. அதற்குப் பதில் 37, 47 என்று இரண்டு சக்கரம் வெட்டுவியுங்கள். பிரவுன் அன்ட் ஷார்ப் தட்டில் 37 துளை வட்டமும் 47 துளை வட்டமும் இருக்கிறது: 37 பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும் 3 துளையும், 47க்கு 40 துளை. 1.5 மி.மீ. புரிக்கு ஓட்டுகிற சக்கரங்கள் 30, 37. ஓடுகிற சக்கரங்கள் 50, 47. 1 மி.மீ.க்கு 30ஐ எடுத்துவிட்டு 20 போடுங்கள். 1.25க்கு 25. தவறு 100 மி.மீ. நீளத்துக்கு 0.02 மி.மீ. அளவுதான், போல்ட், நட்டுக்கு அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. நினைவிருக்கட்டும், மில்லிமீட்டர் புரி வெட்டும்போது அரை நட்டைத் திறக்கவே கூடாது. வெட்டின முடிவில் டூலை வெளியே இழுத்து, மோட்டரைத் திருப்பி ஓட்டித்தான் பின்னால் வர வேண்டும்.

புதியதை மாட்டும்போது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் கொப்பித் தாள் துண்டு ஒன்றை வைத்து, கியரை அழுத்திப் பிடித்து, பேஞ்சோ நட்டை இறுக்குங்கள். கையால் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் பல் தடம் விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. கிழிந்தால் இறுக்கம் அதிகம். கியர் ஊளையிடுவதும் பல் உடைவதும் அதிலிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் இதைச் செய்யுங்கள். டம்ளர் கைபிடியை லேத் ஓடும்போது மாற்றவே மாற்றாதீர்கள், எவ்வளவு மெதுவாக ஓடினாலும் சரி.

கெட்டியான கிரீஸைப் பூசி வைப்பது நல்லதல்ல. வார்ப்பிரும்புத் தூள் அதில் ஒட்டி அரைக்கிற பசையாகிவிடும். தடித்த எண்ணெயை அடிக்கடி கொஞ்சமாக விடுங்கள், வாரம் ஒரு தரம் துடைத்து மாற்றுங்கள். மாட்டாத சக்கரங்களை மழைக்காலம் தொடங்குமுன், ஹட்டன் மஸ்கெலியாப் பக்கத்தில் மே மாதத்துக்குள், எண்ணெய் பூசித் தாளில் சுற்றி வையுங்கள். துவாரத்துக்குள்ளும் எண்ணெய் போக வேண்டும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். ஒவ்வொரு சக்கரத்தின் முகத்திலும் பல் எண்ணிக்கையை எண் பஞ்ச்சால் அடித்து, கூடவே "20 டீ.பீ. 14½" என்றும் அடித்துவிடுங்கள், உங்களுக்குப் பிறகு இந்த லேத்தில் நிற்கப் போகிறவர் மீண்டும் மூன்று பல்லையும் ஐந்து பல்லையும் அளக்க வேண்டியிருக்காது.